காவலனின் உறக்கம்

உறங்குகின்ற மனிதனை நாம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. குழந்தை உறங்கினால் கால் ஓசைகூடக் கேளாதவாறு நடக்கின்றோம். உழுது களைத்தவன் வரப்பில் சாய்ந்தால் இரக்கம் கொள்கின்றோம். காவலுக்கு நிறுத்தப்பட்டவன் கண்ணயர்ந்தால் மட்டும் நம் உள்ளத்தில் நீதிபதி எழுந்துவிடுகின்றார். அவனைத் தட்டி எழுப்புகின்றோம், ஏசுகின்றோம், வேலையைவிட்டு நீக்குகின்றோம். அவன் ஏன் உறங்கினான் என்று கேட்பதில்லை.

இவ்வாறு எண்ணிப் பார்க்க நேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையை ஒட்டிய சிற்றாலயம் ஒன்றில் திருப்பலி நடந்துகொண்டிருந்தது. மறையுரையின் நடுவே பின் வரிசையிலிருந்து குறட்டை ஒலி எழுந்தது. இளைஞர் சிலர் வாய்பொத்திச் சிரித்தனர். பங்குத்தந்தை ஒரு நொடி நிறுத்திப் பிறகு தொடர்ந்தார். ஒலி எழுப்பியவரின் மனைவி அவரது முழங்கையைக் கிள்ளினார். அவரோ திடுக்கிட்டு விழித்து, நின்றபடியே 'அட்டென்ஷன்' நிலைக்கு வந்துவிட்டார். சிரிப்பு இன்னும் பெருகிற்று. நாமும் சிரித்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆலய முற்றத்தில் அவரோடு பேசியபோதுதான் சிரிப்பின் கனம் தெரிந்தது. வேலூர் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்து, இருபத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, 2012-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அதன்பின் இந்தத் தொழிற்சாலைப் பகுதிக்கு வந்து காவலர் வேலையில் அமர்ந்தார். இப்போது வயது ஐம்பத்தைந்தைக் கடந்துவிட்டது. சில மாதங்களுக்கு முன் இரவு ஷிப்டில் வாயிற்கூண்டில் உறங்கியதாகக் கண்டு வேலையை எடுத்துவிட்டார்கள். "சார், எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் படுக்காதவன் மாதிரிதான் இருக்கு. என் வீட்டுக்காரி ராத்திரியில எழுந்து நான் மூச்சு விடுறேனான்னு பாக்குறா" என்றார்.

மனைவியின் வற்புறுத்தலால் சென்னையில் மருத்துவர் ஒருவரிடம் சென்றிருக்கின்றார். ஓர் இரவு முழுதும் உடலில் கம்பிகளை ஒட்டிப் படுக்கவைத்துச் சோதித்தார்கள். மணிக்கு நாற்பதுக்கு மேற்பட்ட முறை மூச்சு தடைபடுகின்றது என்று அறிக்கை கூறிற்று. மணிக்கு முப்பதைத் தாண்டினாலே கடுமையான நிலை என்பது மருத்துவர் வழக்கு. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழாயின் மேற்பகுதி அடைபடுகின்றது. நெஞ்சு இழுத்தும் காற்று உட்செல்வதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைய, மூளை பதறி உடலை அரைகுறையாக விழிக்கச் செய்கின்றது. பெரும் குறட்டையோடு மூச்சு மீளுகின்றது. உறங்குபவர் இதை அறியமாட்டார். விடியும்வரை நூற்றுக்கணக்கான முறை இது நிகழ்கின்றது. பகலில் கண் சொருகுவதும், இரத்த அழுத்தம் உயர்வதும், இதயம் நலிவதும் இதன் விளைவுகள்.

இந்நோயை உலகம் நெடுங்காலம் நகைச்சுவையாகவே வைத்திருந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-இல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' கதையில், நின்றபடியே உறங்கிப்போகும் பருத்த பையன் ஒருவன் வருகின்றான். வாசகர் சிரித்தனர். 1956-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர், பருத்த உடலும் மூச்சுக்குறையும் பகலுறக்கமும் ஒன்றுசேர்ந்த நிலைக்கு அந்தக் கதையின் பெயரையே சூட்டினர். சிரிப்புக்கும் மருத்துவத்துக்கும் இடையே நூற்றிருபது ஆண்டுகள். நம் ஊரில் கும்பகருணன் என்ற பெயர் இன்னும் சிரிப்புக்கே பயன்படுகின்றது. அண்ணனின் செயல் தவறென்று அறிந்தும், உண்ட சோற்றின் கடனுக்காகப் போர்க்களம் சென்று மாண்ட படைவீரன் அவன் என்பதைக் கேலி பேசுவோர் நினைப்பதில்லை.

செஞ்சோற்றுக் கடன் என்பது தமிழர் பெரிதும் போற்றிய ஒழுக்கம். ஆயின் அக்கடன் எப்போதும் ஒரே திசையில் பாய்வதாகவே பேசப்பட்டது: வீரன் அரசனுக்குப் பட்ட கடன். அரசன் வீரனுக்குப் பட்ட கடனை என்ன பெயரிட்டு அழைப்பது? களத்தில் இறந்தவனுக்கு நடுகல் நட்டார்கள். நெடுநல்வாடையில் பாண்டியன் நள்ளிரவில் உறங்காமல் பாசறையில் புண்பட்ட வீரரைக் காணச் செல்கின்றான். இவையெல்லாம் அரசனின் பெருந்தன்மையாகப் பாடப்பட்டன. வீரன் உரிமையோடு கேட்டுப் பெற்றதாக நாம் படிக்கும் இடம் அரிது.

இங்கு நம் நண்பரின் கேள்விக்கு வருகின்றோம். அவர் பிணியைப் பற்றி நம்மிடம் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார்.

படையினர் கூடும் இடங்களில் சுற்றித் திரியும் இடைத்தரகர் ஒருவர் அவரை அணுகியிருக்கின்றார். பனிமலையில் பணியாற்றியபோதே உறக்கத்தில் மூச்சு நின்றதென்றும், அன்றிலிருந்தே நோய் தொடர்கின்றதென்றும் மனு எழுத வேண்டும். அதற்கு ஏற்ற மருத்துவச் சீட்டைத் தாமே வாங்கித் தருவதாகவும், நிலுவைத் தொகை வந்தால் அதில் ஒரு பங்கு தமக்கென்றும் சொன்னாராம். "பனிமலையில நான் இருந்தது உண்மைதான் சார். அங்க ராத்திரி மூச்சு முட்டி எழுந்ததும் உண்மைதான். அப்ப எழுதுறதுல என்ன தப்பு?" என்பது அவர் கேள்வி. கேட்டுவிட்டு அவரே தரையைப் பார்த்தார்.

விரைந்து விடையளிக்கத்தக்க கேள்வி அன்று இது. மிக உயர்ந்த மலைகளில் உறங்குவோர் பலருக்கு மூச்சு விட்டுவிட்டு நிற்பதுண்டு. காற்றில் பிராணவாயு குறைவதால் உடல் வேகமாக மூச்சிழுக்கின்றது. அதனால் இரத்தத்தில் கரிவளி குறைந்து, மூச்சுவிடும் தூண்டலையே மூளை சற்று நிறுத்திவிடுகின்றது. மலையிறங்கினால் பெரும்பாலும் இது நீங்கிவிடும். நம் நண்பரைப் பற்றியிருப்பதோ தொண்டை அடைபடும் வேறு வகை. முன்னதில் தூண்டல் இல்லை. பின்னதில் தூண்டல் உண்டு, வழி இல்லை. ஆக, தரகர் எழுதச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே மெய். அவற்றைக் கோத்த நூல்தான் பொய். மெய்களைக் கொண்டே பொய் கட்டலாம் என்பதை நாம் அன்றாட வாழ்வில் எத்தனை முறை பழகியிருக்கின்றோம்!

காவலரின் உறக்கத்துக்குக் கூலி கொடுத்து வாங்கிய பொய் ஒன்றை மத்தேயு நற்செய்தி நமக்குக் காட்டுகின்றது. கல்லறையைக் காத்த படைவீரரிடம் தலைமைக் குருக்கள் பெருந்தொகை கொடுத்து, தாங்கள் உறங்கும்போது சீடர்கள் வந்து உடலைத் திருடிச் சென்றதாகச் சொல்லச் செய்தனர். விழித்திருந்தவர் உறங்கியதாகச் சொல்லப் பணம் பெற்றனர். ஆளுநர் செவிக்கு எட்டினால் தாங்கள் பார்த்துக்கொள்வதாக உறுதியும் தரப்பட்டது. தரகர்கள் எக்காலத்தும் ஒரே மொழிதான் பேசுகின்றனர் போலும்.

எனினும் 'பொய் சொல்லாதே' என்று நண்பருக்கு அறிவுரை கூறிவிட்டு வீடு திரும்புவது எளிது. அவ்வாறு திரும்பியிருந்தால் அவருக்கு உரியது எது என்ற கேள்வியை நாம் கைகழுவியவர்கள் ஆவோம். பொய்யை விலக்கியபின் எஞ்சும் மெய்க்கு ஏதேனும் பயனுண்டா? சட்டம் அதைப் பற்றி என்ன சொல்கின்றது?

படைப்பணியால் விளைந்த ஊனம், அல்லது படைப்பணியால் மிகுதிப்பட்ட ஊனம், இரண்டுக்குமே ஊன ஓய்வூதியம் உண்டென்பது நெடுநாளைய விதி. அளவு இருபது விழுக்காட்டுக்குக் குறையாதிருக்க வேண்டும். 'விளைந்தது', 'மிகுதிப்பட்டது' என்னும் இரு சொற்களுக்குமிடையே எத்தனையோ வீரர்களின் வாழ்வு ஊசலாடியிருக்கின்றது. 1985-இல் சேர்ந்த தரம்வீர் சிங் என்னும் படைவீரர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுப் பணிக்குப்பின் வலிப்பு நோயால் 1994-இல் வெளியேற்றப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவக் குழு எழுதிவிட்டது. அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. சேரும்போது நோய்க் குறிப்பு எதுவும் எழுதப்படவில்லையெனில் அவர் நலமாகவே சேர்ந்தார் எனக் கொள்ளவேண்டும். பின்னர் நேர்ந்த நலிவுக்குப் பணி காரணமன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு வீரனுடையதன்று. ஐயம் எழுமானால் அதன் பயன் அவனுக்கே. மருத்துவக் குழு காரணம் கூறாமல் மறுக்கலாகாது. வெளியேற்றப்பட்டதற்கும் இத்தீர்ப்புக்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள் சென்றுவிட்டன. தீர்ப்பைப் போற்றும்போது இந்தப் பத்தொன்பதையும் நாம் மறக்கலாகாது.

அவருக்கு வெளியேறும்போதே நோய் பதிவாகியிருந்தது. நம் நண்பருக்கு ஒன்றும் பதிவாகவில்லை. ஓய்வுபெறும்போது நடந்த 'மெடிக்கல் போர்டில்' அவர் முழு நலத்தோடு இருப்பதாகவே எழுதப்பட்டது. ஓய்வுக்குப்பின் சில ஆண்டுகளில் வெளிப்படும் நோய், பணிக்காலத்திலேயே வேர்கொண்டதென மருத்துவம் நிலைநாட்டினால் அதையும் கருதலாமென்று 1982-ஆம் ஆண்டு விதிகளில் இடமிருந்தது. ஆயினும் அந்த வாயில் குறுகியது. 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளோ பொதுவாகவே முன்னினும் இறுக்கமானவை.

அப்படியானால் அவரிடமுள்ள மெய் எது? வெகுநேரம் பேசியபின் ஒன்று வெளிப்பட்டது. பணியின் கடைசி நான்கைந்து ஆண்டுகளில் அவரது குறட்டை தாளாமல் உடனிருந்தவர்கள் அவர் கட்டிலைப் படைக்குடியிருப்பின் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டார்களாம். 'ரயில் வண்டி' என்று பெயரும் வைத்தார்களாம். ஒருமுறை காவல்பணியில் கண்ணயர்ந்து தண்டனையும் பெற்றிருக்கின்றார். அதை அவர் நம்மிடம் மிகுந்த வெட்கத்தோடு சொன்னார். தம்மைக் குற்றவாளியாக்கும் செய்தி என்று எண்ணி இத்தனை காலம் மறைத்து வைத்திருந்தார். தரகரிடமும் சொல்லவில்லை. ஆயினும் நோய் பணிக்காலத்திலேயே தொடங்கியிருக்கலாம் என்பதற்கு அவரிடமிருந்த சான்று அது ஒன்றே. வாங்கித் தருவதாகச் சொன்ன பொய்ச் சீட்டைவிட, ஒளித்துவைத்த அவமானம் வலுவுள்ள ஆவணமாக இருந்தது.

நோய் தொடங்கிய காலம் ஒன்று, அதன் காரணம் மற்றொன்று என்று வாசகர் வினவக்கூடும். சரியான வினாவே. கழுத்தின் பருமன், தாடையின் அமைப்பு, வயது, உடல் எடை ஆகியவையே இந்நோயின் முதற்காரணங்கள். பணியில் அல்லாதோரும் இதனால் துன்புறுகின்றனர். இரவும் பகலும் மாறி மாறி விழித்ததும், துண்டு துண்டாக உறங்கியதும், அதனால் பசியும் எடையும் நெறிதவறியதும் நோயைப் பெருக்கியிருக்கலாம் என்று சொல்லலாமே ஒழிய, உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. இவ்விடத்தில் அறநெறி வினா கூர்மையடைகின்றது. தனக்கே உறுதியில்லாத ஒன்றுக்காக ஒருவர் பொதுப்பணத்தைக் கேட்கலாமா?

கேட்கலாம் என்பதே நம் கருத்து. உறுதியின்மையை உறுதியாகக் காட்டுவது வஞ்சகம். உறுதியின்மையை உறுதியின்மையாகவே முன்வைத்து, 'இதைத்தான் நான் அறிவேன், எஞ்சியதை நீங்கள் ஆய்ந்து கூறுங்கள்' என்பது வஞ்சகமன்று. ஐயத்தின் பயனை வீரனுக்குத் தருவதென்று நாடே முடிவு செய்திருக்கின்றது. இளமையின் இருபத்து நான்கு ஆண்டுகளை ஒப்படைத்தவனிடம் ஒவ்வொரு நலிவுக்கும் சான்றுச்சீட்டு கேட்பது முறையன்று என்று உணர்ந்தே அவ்வாறு செய்தது. அப்பயனை ஏற்பவர் எதையும் திருடவில்லை. அதற்கு மேல் ஒரு சொல் கூட்டினால்தான் திருட்டு தொடங்குகின்றது.

வேறொரு தயக்கமும் அவருக்கு இருந்தது. "காலை இழந்தவன் இருக்கான் சார். அவன் முன்னாடி போய்க் குறட்டைக்குப் பென்ஷன் கேட்டா என்ன நினைப்பான்?" இது உயர்ந்த உள்ளத்தின் தயக்கம். அமெரிக்காவில் இந்நோய்க்காக மூச்சுக்கருவி தேவைப்படும் முன்னாள் வீரருக்கு ஐம்பது விழுக்காட்டு ஊனம் என்று விதி வகுத்திருந்தார்கள். அது மிகையென்று அங்கே நெடுநாள் வாதம் நடந்தது. 2022-இல் அரசே அவ்விதியை மாற்ற முன்மொழிந்தது. நம் நாட்டிலும் இத்தகைய பயன்கள் தவறாகப் பயன்படுகின்றன என்ற குரல் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் தணிக்கைத் துறைத் தலைவரின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை ஒரு செய்தியைத் தெரிவித்தது. ஊன ஓய்வூதியத்தோடு ஓய்வுபெறுவோர் விகிதம், சாதாரணப் படையினரைவிட அதிகாரிகளிடையே இரு மடங்குக்கும் மேல். மலைமுகட்டிலும் பதுங்குகுழியிலும் நிற்பவர்களில் பெரும்பாலோர் சாதாரணப் படையினர். அவர்களுக்கு நோய் குறைவு என்று நம்புவதைவிட, கேட்கத் தெரியாதவர்களும் கேட்கக் கூசுபவர்களும் அவர்களிடையே மிகுதி என்று நம்புவதே நமக்கு எளிதாயிருக்கின்றது. காலிழந்தவருக்கு உரிய விழுக்காடு வேறு, இவருக்கு உரியது வேறு. அளந்து கொடுப்பதற்காகத்தானே விழுக்காடு என்ற ஒன்றை வைத்திருக்கின்றார்கள்!

இத்தனையும் பேசிய பிறகுதான் நம்மைத் திடுக்கிடச் செய்த மற்றொன்று தெரியவந்தது. அவர் சிகிச்சையே தொடங்கவில்லை. மனு முடிவானால்தான் சிகிச்சை கிடைக்கும் என்று எண்ணியிருந்தார்! நோய் படைப்பணியால் வந்ததா என்பது ஓய்வூதியத்துக்கான கேள்வியே தவிர, மருத்துவத்துக்கான கேள்வி அன்று. 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமாகிய ஈ.சி.எச்.எஸ்.-இல் ஓய்வூதியர் என்ற முறையில் அவர் உறுப்பினர். அட்டை ஊரில் பெட்டிக்குள் இருந்தது. பாலிகிளினிக்கில் பரிந்துரை பெற்று, ஒப்பந்த மருத்துவமனையில் நிபுணரைக் கண்டால் சோதனைக்கும் கருவிக்கும் வழியுண்டு. அவரோ கையிலிருந்த பணத்தைச் செலவழித்து ஒரு சோதனை செய்துவிட்டு அதோடு நின்றிருந்தார். பங்குகளில் இயங்கும் நம் அன்பியங்களும் சபைகளும் இத்தகைய சிறு செய்திகளைச் சொல்லக்கூடாதா? ஜெபமாலை முடிந்தபின் ஐந்து நிமிடம் போதும்.

அக்கருவியைப் பற்றி ஒரு சொல். சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர் 1980-இல் முதன்முதலாகச் சோதித்து மறு ஆண்டு வெளியிட்ட முறை அது. மூக்கில் பொருத்திய கவசத்தின் வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை மூடாமல் தாங்கிக்கொள்வதே அதன் வேலை. மருந்தன்று, காற்றாலான ஊன்றுகோல். நோயை அது நீக்குவதில்லை. ஒவ்வோர் இரவும் அணிய வேண்டும். பழகும்வரை பலர் வெறுத்து ஒதுக்குகின்றனர்.

ஊதியம் பெறும் வேலை எங்கே என்ற கேள்வி இன்னும் நிற்கின்றது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. ஏரிப்பாசன நிலங்கள் கிடந்த இப்பகுதியில் இன்று இரவு என்பதே இல்லை. ஷிப்டு மாறும் வேளையில் பேருந்துகள் அணிவகுக்கின்றன. ஒவ்வொரு வாயிலிலும் சீருடையணிந்த ஒருவர் நிற்கின்றார். அவர்களுள் முன்னாள் படைவீரர் பலர். நாட்டைக் காத்தவர் என்பதே அவர்களை அமர்த்துவதற்குக் காரணம். ஆனால் அந்த நாடு காத்தலில் உடல் என்ன விலை கொடுத்தது என்று எந்த வாயிலிலும் கேட்கப்படுவதில்லை. பெரும்பாலும் ஆலை அவரை நேரடியாக அமர்த்துவதுமில்லை. நடுவே ஒரு நிறுவனம் இருக்கின்றது. மனித உழைப்பைப் பற்றி 1981-இல் எழுதிய சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மறைமுக முதலாளி என்றொரு கருத்தை முன்வைத்தார். நேரடியாகச் சம்பளம் தராவிடினும், உழைப்பவரின் நிலையை நிர்ணயிக்கும் ஒவ்வொருவரும் அதற்குப் பொறுப்பாளரே என்பது அதன் சாரம். உறங்கிய காவலரை நீக்குவதற்குமுன் ஒருமுறை மருத்துவரிடம் அனுப்புவது இப்பொறுப்பில் சேராதா? கனரக வாகனத்துக்கு வாயில் திறப்பவர் கண் சொருகுவது பிறர் உயிருக்கும் கேடு என்பதை நாம் மறுக்கவில்லை. அதனாலேயே கேட்கின்றோம்.

புறநானூற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. களைத்து வந்த மோசிகீரனார் என்னும் புலவர், அறியாமல் அரசனின் முரசுக் கட்டிலில் படுத்து உறங்கிவிடுகின்றார். அது கொலைக்குரிய குற்றம். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அவரை வெட்டாமல், விழிக்கும்வரை கவரி வீசி நின்றான். மனம் நெகிழ்விக்கும் காட்சிதான். ஆனால் அரசன் அன்று வேறு மனநிலையில் இருந்திருந்தால்? கவரி வீசும் அரசர்களை எதிர்பார்த்து வாழ இயலாமையால்தான் மனிதர் சட்டம் எழுதிக்கொண்டனர்.

நண்பர் தரகரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அட்டையை ஊரிலிருந்து வரவழைத்தார். கருவி வர இரண்டு மாதங்களுக்கு மேலாயின. முதல் வாரம் கவசத்தைப் பிடுங்கி எறிந்தாராம். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் நள்ளிரவில் மனைவி பதறி எழுந்திருக்கின்றார். அறை அமைதியாயிருந்ததே காரணம். மூக்கருகே கைவைத்துப் பார்த்துவிட்டு மீண்டும் படுத்தாராம்.

மனுவை அவர் தம் கையாலேயே எழுதினார். தாழ்வாரக் கட்டிலையும் காவலில் உறங்கிப் பெற்ற தண்டனையையும் எழுதினார். பனிமலை மூச்சு வேறு என்பதையும் எழுதினார். அதை எழுதாமல் விட்டிருக்கலாமே என்று நம்முள் ஒருவர் சொன்னதற்கு அவர் உடன்படவில்லை. உடன் பணியாற்றிய இருவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கடிதம் கேட்டிருந்தார். ஒருவர் குடியாத்தத்திலிருந்து தமிழில் எழுதி அனுப்பினார். மற்றவர் கேரளத்துக்காரர். அவரது மலையாளக் கடிதத்தை நம் பங்கின் அருட்சகோதரி ஒருவர் படித்துச் சொன்னார். 'ரயில் வண்டி' என்ற பெயர் அதிலும் இருந்தது. மனு போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை வந்திருக்கின்றது. பதில் இன்னும் வரவில்லை.